ஆயில் லைட் எரிந்த மூன்று வாரம்

பள்ளிகொண்டாவுக்குச் சற்று முன்னால், பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய ஒரு லாரியை முந்தப் பார்த்தபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கு முதன்முதலாக எரிந்தது. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும் அந்த லாரிகளுக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் போனால் போதும், காலையில் சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும். ஆம்பூரிலேயே பிறந்து, ஷூ கம்பெனியில் பதின்மூன்று வருஷமாக வேலை பார்க்கிற எனக்கே அந்த நாற்றம் பழகவில்லை. பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதும் இல்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தேன். டர்போ விசிலடித்தது, வண்டி பாய்ந்தது. லாரியின் முன்சக்கரத்துக்கு நேராக வந்தபோது, ஆயில் கேன் படம் போட்ட அந்த விளக்கு எரிந்தது.

ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினேன். லாரி எங்களைக் கடந்து போனது. நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் எங்களோடு நின்றது.

"ஆயில் கம்மியா இருக்குமோ?" என்றார் என் கணவர். அவர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தத்தில் எது கம்மி, எது ஜாஸ்தி என்று ஒரு சொட்டை வைத்துச் சொல்லிவிடுவார். காரில் பெட்ரோல் ஊற்றுவதா டீசல் ஊற்றுவதா என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்பார். இறங்கி ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோடு வரைக்கும் இருந்தது. ஆயில் இருக்கிறது, ஆனால் அழுத்தம் இல்லை. போக வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. அப்படியே ஓட்டினால் முதலில் டர்போ கருகும், அப்புறம் இஞ்சினே இறுகிக்கொள்ளும். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். விளக்கு அணைந்திருந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு பாகாயத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தக் கார் சாதாரணக் கார் இல்லை. பழைய கார், உடம்பு நன்றாக இருந்தது, இஞ்சின்தான் செத்துவிட்டது. ஆம்பூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர், பின்னால் இடிபட்டு நசுங்கிய வேறொரு காரின் டர்போ டீசல் இஞ்சினை எடுத்து இதில் உட்கார வைத்தார். ஆர்.சி. புத்தகத்திலும் முறையாகப் பதிவு செய்து கொடுத்தார். எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. நடுவில் ஒரே ஒரு தொல்லை வந்தது. இஞ்சினுக்கு மேலே மூடியிருக்கும் டேப்பட் கவரின் ஓரமாக ஆயில் கசிந்து, சூடான டர்போ மேல் சொட்டி, கார் முழுக்கக் கருகல் நாற்றம் அடித்தது.

"பேக்கிங் போயிடுச்சி மேடம். இந்த இஞ்சினோட பேக்கிங் சென்னையிலேர்ந்து வரணும். ஒரு வாரம் பொறுத்துக்கோங்க" என்றார் பாய்.

ஒரு வாரம் நாற்றத்தோடு ஓட்டச் சொன்னால் நான் ஓட்டுகிற ஆளா? கம்பெனியில் நான் ஒட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஷூவின் அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டுவதுதான் எங்கள் வேலை. ஒட்டியது பிரிந்து வந்தால் வெளிநாட்டிலிருந்து வரும் திட்டு முதலில் எனக்குத்தான் வரும். எதை எதோடு எப்படி ஒட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு கவரைக் கழற்றினேன். காய்ந்து விறைத்துப்போன பழைய ரப்பர் பேக்கிங்கின் இரண்டு பக்கமும், கவரின் ஓரத்திலும், கம்பெனியில் நாங்கள் சொல்யூஷன் என்று சொல்லும் பசையைப் பிரஷ்ஷால் தாராளமாகத் தடவினேன். விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டேன். முடி காயவைக்கிற டிரையரால் சூடு காட்டி, அழுத்தி ஒட்டி, போல்ட்டை முடுக்கினேன். ஷூவுக்குச் செய்கிற அதே முறைதான். கசிவு நின்றது, நாற்றமும் நின்றது. புது பேக்கிங் வந்தபோது, வேண்டாம் பாய், நானே சரிசெய்துவிட்டேன் என்று போனில் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இது நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் ஆயில் லைட் எரிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனிக்கு ஐந்து வேன் உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களை அவைதான் கொண்டுவந்து விடும். அந்த வேன்களைப் பராமரிக்க ஒரு பட்டறையைத் தேடிக்கொண்டிருந்தார் எங்கள் நிர்வாக மேனேஜர். பாய் அதைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். "ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். அஞ்சு வண்டி நிரந்தரமா கெடைச்சா நம்ம பட்டறை நிமிந்துடும்" என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். மேனேஜருக்கும் என் வார்த்தையில் நம்பிக்கை உண்டு. யாரிடம் கொடுக்கலாம் என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள் என்றிருந்தார்.

லைட் எரிந்ததும் நான் பாயிடம் போகவில்லை. இஞ்சின் போட்டவரிடமே போய் இஞ்சின் நல்லதா என்று கேட்டால் நல்லது என்றுதானே சொல்வார் என்று நினைத்தேன். பைபாஸ் ஓரத்தில் ஏசி போட்டுக் கண்ணாடி அறை கட்டியிருந்த ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கணவரும் கூட வந்தார். அதுதான் தப்பாகிவிட்டது.

"இன்னா சார் பிரச்சன?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார் அந்த மெக்கானிக்.

நான் சொன்னேன். ஆயில் மேல் கோடு வரை இருக்கிறது, மிதித்தால் லைட் எரிகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் அணைகிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம் சொல்றது இருக்கட்டும். நீங்க ஓட்டும்போது எப்பிடி சார் இருக்கு?" என்றார். என் கணவருக்கு லைசன்ஸே கிடையாது. அதை அவர் வெட்கத்தோடு சொன்னபோது மெக்கானிக் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

லேப்டாப்பைக் காரில் மாட்டினார். திரையைத் தட்டினார். இஞ்சின் மாற்றிய வண்டி என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்து, காரைச் சாக்கடையில் விழுந்த பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிரஷரைச் சொல்லும் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று புதிது மாட்டினார். அடுத்த வாரமே, வேலைக்குப் போகிற வழியில், லைட் மறுபடியும் எரிந்தது. திரும்பப் போனேன். இந்த முறை ஒரு டப்பாவைத் திறந்து, மூக்குச்சளி மாதிரி கெட்டியாக இருந்த எதையோ ஆயிலில் ஊற்றினார். "இது உள்ள போச்சுன்னா பிரஷர் தானா நிக்கும் சார்" என்றார். அன்றைக்குக் கணவர் என்னோடு வரவே இல்லை. அந்த சார் யாருக்குச் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஊற்றிய பிறகு இன்னும் சீக்கிரமாக எரிய ஆரம்பித்தது. மூன்றாம் முறை போனபோது அவர் சொன்ன யோசனையைக் கேட்டு எனக்கு நிஜமாகவே குமட்டியது.

"ரொம்ப பேஜாரா இருந்தா அந்த பல்ப கழட்டி விட்டுடலாம். கண்ணுக்குத் தெரியாது, நீங்க நிம்மதியா ஓட்டலாம்."

நெஞ்சுவலி என்று வந்தவனுக்கு வாயில் துணியை அடைத்து அனுப்புகிற வைத்தியம் இது. நன்றாகக் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என்னை முதன்முறையாக நேராகப் பார்த்துச் சொன்னார்: "மேடம், என்கிட்ட கத்தி இன்னா ஆவும்? ஒங்களுக்கு இஞ்சின் போட்டுக் குடுத்தாரே, அவரப் போய்க் கேளுங்க. உள்ள பேரிங் எல்லாம் தேஞ்சி போயிருக்கு. எவனோ தூக்கிப் போட்டத ஒங்க தலயில கட்டிட்டாரு."

அதுவரை அந்த ஆள் சொன்ன ஒரு வார்த்தையையும் நான் மதிக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பினேன். ஏன் நம்பினேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். யார் மீதாவது அருவருப்பைக் கொட்ட வேண்டும் போல் இருந்தது, அதற்கு ஓர் ஆள் கிடைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் கேன்டீனில் நிர்வாக மேனேஜர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "வேன் விஷயமா அந்த பாயைப் பத்திச் சொன்னீங்களே, வரச்சொல்லலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். என் வண்டிக்கே குப்பை இஞ்சினப் போட்டு ஏமாத்திட்டாரு. பொம்பளைங்க வர்ற வேன். நடுரோட்டுல நின்னா யாரு பதில் சொல்றது?"

நான் சொன்னது மேஜையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். மேனேஜர் தலையாட்டிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தார். அந்த வாரக் கடைசியில், வேன்களைப் பைபாஸ் பட்டறைக்குக் கொடுத்தாயிற்று என்று செய்தி வந்தது. எந்தப் பட்டறை தெரியுமா? அதே கண்ணாடி அறைதான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னதை நானே மாற்றிச் சொல்வதா என்ற வீம்பு.

அப்புறம்தான் பாயிடம் போனேன், சண்டை போட.

அவர் பட்டறை தோல் பதனிடும் ஒரு பழைய ஷாப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கால்வாய் ஓடும். ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்குத்தான். நீலமும் கறுப்பும் கலந்த தண்ணீர் நுரை கட்டி நிற்கும். மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டுதான் இறங்கினேன். பட்டறை முற்றத்தில் பாதிக்குப் புதிதாகச் சிமெண்ட் தரை போட்டிருந்தார். பளபளவென்று இருந்தது. என்னைப் போன்றவர்களை ஏமாற்றித்தான் தரை போடுகிறாரா என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். இஞ்சின், பேரிங், நம்பிக்கைத் துரோகம் என்று அரை மணி நேரம் கத்தியிருப்பேன்.

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர்.

"கத்துறத அப்புறம் கத்துங்க மேடம். மொதல்ல மீட்டர் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

புது ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் நீளமான டியூப் வைத்த ஒரு முள் மீட்டரை மாட்டினார். லேப்டாப் இல்லை, ஏசி இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முள் நன்றாக ஏறி நின்றது. "பாத்தீங்களா, ஆயில் பம்ப் உசுரோட இருக்கு." பிறகு ஒரு ரவுண்டு ஓட்டி இஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வரச் சொன்னார். வந்ததும், நிறுத்தாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இன்னும் மிதித்தேன், இன்னும் இறங்கியது. சிவப்பு விளக்கு வேலை செய்ய ஸ்விட்ச் இல்லை, இருந்திருந்தால் எரிந்திருக்கும்.

"நிறுத்துங்க நிறுத்துங்க" என்றார். பத்து நிமிஷம் காத்திருந்தோம். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது முள் பழையபடி மேலே இருந்தது.

"பேரிங் தேஞ்சிருந்தா, சும்மா நிக்கும்போதுதான் பிரஷர் கம்மியா இருக்கும். மிதிச்சா ஏறணும். இது தலைகீழா இருக்கு. மிதிச்சா எறங்குது, நிறுத்தி வெச்சா தானா சரியாவுது. உள்ள ஏதோ சுத்திக்கிட்டிருக்கு மேடம். இஞ்சின் வேகமா ஆயில இழுக்கும்போது அது சல்லடைல போய் ஒட்டிக்குது. நிறுத்துனா கீழ விழுந்துடுது."

மூன்று வாரமாக நான் கண்ணால் பார்த்தது இதைத்தான். லாரியை முந்தும்போது எரிந்ததும், பத்து நிமிஷத்தில் அணைந்ததும் என் வாயாலேயே கண்ணாடி அறையில் சொன்னதுதான். அங்கே அதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் மட்டும் என்ன வாங்கினேன்?

காரை மேலே தூக்கி, ஆயிலை வடித்தார். கறுப்பாக, அந்தச் சளி மாதிரி மருந்தும் கலந்து, இழை இழையாக விழுந்தது. பாய் முகத்தைச் சுளித்தார். "எவன் ஊத்துனான் இத?" ஆயில் தங்கும் சேம்பரின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே இறக்கினார். அடியில் கறுப்புச் சேறு. ஆயிலை இழுக்கும் குழாயின் வாயில் இருக்கிற சல்லடை கண்ணுக்கே தெரியவில்லை. அதன் மேல் பழுப்பும் கறுப்புமாக ஏதோ சவ்வு கட்டி அப்பியிருந்தது. அழுகிய தோல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"சீ, என்ன பாய் இது? எங்கேர்ந்து புடிச்சீங்க இந்த இஞ்சின?"

அவர் அதை நகத்தால் பெயர்த்து எடுத்து மோந்து பார்த்தார். கருகின ஆயில் வாசனைதான் வந்திருக்கும். உதட்டைப் பிதுக்கிவிட்டு என் கையில் வைத்தார். வேண்டாவெறுப்பாக இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். நீண்டது. விட்டேன், சுருங்கியது. மறுபடியும் இழுத்தேன்.

ஒரு நாளைக்கு எத்தனை ஜோடியில் இதைச் செய்கிறேன். ஒட்டியது சரியா என்று பார்க்க ஓரத்தில் வழிந்த சொல்யூஷனை இப்படித்தான் இரண்டு விரலில் எடுத்து இழுப்போம். மூக்குக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சவ்வுக்குள் இன்னொன்றும் இருந்தது. வெள்ளையாக, ஒரு அங்குல நீளத்தில், ஒரு நைலான் மயிர். எங்கள் செக்‌ஷனில் சொல்யூஷன் தடவும் பிரஷ்ஷின் மயிர் அது.

டேப்பட் கவரில் தாராளமாகத் தடவினேன் இல்லையா, அழுத்தும்போது வெளியே வழிந்ததை மட்டும் துடைத்தேன். உள்ளே வழிந்தது சூடான ஆயிலில் ஊறி, உப்பி, பிரிந்து, ஆயில் இறங்குகிற ஓட்டைகள் வழியாகக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஷூ கொதிக்கிற ஆயிலில் நடப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"நான்தான் பாய்" என்றேன். "டேப்பட் கவருக்குக் கம்பெனி சொல்யூஷன் போட்டேன்."

அவர் என்னையும் அந்தச் சவ்வையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. "ஷூ கம்பெனிக்காரங்க மூளைய பாருங்க! நல்லவேள, டர்போ பொழச்சிது. பயப்படாதீங்க, இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லிக்கொண்டே, அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். சென்னையிலிருந்து வரவழைத்த பேக்கிங். நான் வேண்டாம் என்று சொன்னதை அவர் திருப்பி அனுப்பவில்லை. "எப்பியாவது வேணும்னு வருவீங்கன்னு தெரியும்."

சல்லடையை டீசலில் போட்டுக் கழுவ உட்கார்ந்தார். கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மேடம், அந்த வேன் விஷயம் இன்னா ஆச்சி? மேனேஜர் போன் எடுக்க மாட்டேங்கிறாரு. மழைல வண்டி சேத்துல நிக்கக் கூடாதுன்னு தரையெல்லாம் போட்டுட்டேன். அஞ்சு வண்டி தாராளமா நிக்கும். நீங்க இன்னொரு தடவ சொல்லிப் பாருங்களேன்."

என் கையில் அந்தச் சவ்வு இன்னும் இருந்தது. தூக்கிப் போடக்கூடத் தோன்றவில்லை.

"நான்தான் வேணாம்னு சொன்னேன் பாய். நீங்க ஏமாத்திட்டீங்கன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேன்."

கழுவுகிற கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கழுவ ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் வரை அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தைதான். பேக்கிங்கையும் சேம்பரையும் மாட்டிப் புது ஆயில் ஊற்றியபின், "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். மிதிக்க மிதிக்க முள் ஏறியது. மீட்டரைக் கழற்றி, ஸ்விட்ச்சைத் திரும்ப மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீனில், அதே மேஜையில், அதே சத்தத்தில் சொன்னேன். "அடடா. ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சே" என்றார் அவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அந்தச் சல்லடையில் அப்பியிருந்ததைவிட நான் கேவலமாகத் தெரிந்தேன்.

ஆயில் லைட் அதற்குப் பிறகு எரியவில்லை. சனிக்கிழமைதோறும் பாகாயம் போகும்போது பாய் பட்டறையைத் தாண்டித்தான் போகிறேன். அந்தச் சிமெண்ட் தரையை அவர் வாடகைக்கு விட்டுவிட்டார். பசை காய்ச்சுகிறவர்கள் அதில் தோல் கழிவுகளைக் காயப்போட்டிருக்கிறார்கள். அந்தத் தெருவே நாறுகிறது. என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றச் சொல்வார். அந்த இடத்தைத் தாண்டும் வரைக்கும் நான் ஏற்றுவதில்லை.